வேண்டாம் சொல்லப் போனவள்

எங்கள் விமானச் சங்கத்தில் இரண்டு வகை ஆட்கள். வீட்டிலேயே சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. சனிக்கிழமைக் காலைகளில் ஓடுதளத்துக் கொட்டகையில் எல்லாருக்கும் பான்கேக் ஊற்றுவது என் வேலை. ஊற்றிக்கொண்டே பல வருஷமாக அவர்கள் பேச்சைக் கேட்டுவருகிறேன். பாதி புரியும். மீதி காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

சங்கத்துக்கு எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. யாரோ ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட விமானத்தை வாங்க நினைக்கிறவர் அதைப் பார்க்கத் தனியாகப் போகக் கூடாது. சங்கத்திலிருந்து இன்னொருவரைக் கூட்டிப்போக வேண்டும். தன் செக் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பார்த்து முடித்த பிறகு அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கலாம். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அதோடு சரி, வாதாடக் கூடாது. அப்படிப் போகிறவருக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் ‘வேண்டாம்காரர்’.

காரணம் இல்லாமல் இல்லை. பாதி விமானத்தைப் பார்த்ததும் இவர்களுக்கு ஆசை கண்ணை மறைத்துவிடும். துரு தெரியாது, எலி கடித்தது தெரியாது. மேகம் மட்டும்தான் தெரியும்.

வழக்கத்தில் இன்னும் இரண்டு கிளைகள். முதல் தடவை போகும்போது வண்டிக்குப் பின்னால், சாமான் ஏற்றும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு போகக் கூடாது. டிரெய்லரோடு போனவர் யாரும் காலியாகத் திரும்பியது கிடையாது. அடுத்தது, கட்டிய மனைவி வேண்டாம்காரராகப் போகக் கூடாது. மனைவி சொல்லும் ‘வேண்டாம்’ புருஷன் காதுக்குப் பழகிப்போன சத்தம், ஏறாது என்பது அவர்கள் கருத்து.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், என் கணவர் ஆரின் விஷயத்தில், இரண்டும் ஒரே நாளில் மீறப்பட்டன.

ஆரின் வேலை பார்த்த காகித ஆலையை முந்தைய இலையுதிர் காலத்தில் மூடிவிட்டார்கள். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. வேறு வேலை கிடைக்கும் வயதும் இல்லை, சும்மா இருக்கும் வயதும் இல்லை. காலையில் எழுந்து கராஜுக்குள் போவார். சின்ன ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதுவும் செய்ய மாட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்பே சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். கேட்டால், “யாரு பாக்கப்போறா?” என்பார். நான் பார்க்கிறேனே என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொள்வேன்.

பிப்ரவரி கடைசியில் அந்த விளம்பரம் வந்தது. இரண்டு இருக்கை. முழுக்க மரம். இறக்கைகள் முடிந்தன, மேல்துணி மட்டும் பாக்கி. உடல் பாதி. எஞ்சின் உண்டு. விற்பவர் வெண்டெல் ப்ரோஹாஸ்கா, ஓய்வுபெற்ற மாட்டுப்பண்ணைக்காரர். எங்கள் ஊரிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம்.

மறுநாள் காலை ஆரின் சவரம் செய்துகொண்டு வந்து காபி கேட்டார்.

நான் என்ன செய்ய முடியும்? அந்த முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு பயந்தேன். சொந்தமாகக் கட்டிய விமானம் சோதனை ஓட்டங்களை முடித்ததும் பக்கத்து இருக்கையில் முதலில் ஏறுவது மனைவி. எங்கள் ஆட்களிடம் அது ஒரு மரியாதை. மரத்தை மரத்தோடு பசையால் ஒட்டிய இறக்கை. ஒட்டியவர் யாரென்று தெரியாது. அதை நம்பி முதலில் ஆரின், அப்புறம் நான்.

சங்கத்தின் வழக்கமான வேண்டாம்காரர் மெர்லினுக்கு அந்த வாரம் ஃப்ளூ. போனில் இருமிக்கொண்டே சொன்னார்: “டார்லா, நீயே போயிட்டு வா. நீ பான்கேக்கைத் திருப்பிப் போடறதைப் பாத்திருக்கேன். கருகறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிடும்.”

“எனக்கு என்ன தெரியும் மெர்லின்? பொண்டாட்டி போகக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?”

“அவன் இன்னொரு வாரம் காத்திருக்க மாட்டான். உனக்கே தெரியும். நான் மத்தவங்ககிட்ட பேசிக்கறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. பரிதாபப்பட்டு சரின்னு சொல்லிடாத.”

அதுதான் சிக்கல். ‘வேண்டாம்’ என்றால் ஆரின் மறுபடி கராஜுக்குள் போய்விடுவார், இந்தத் தடவை திரும்பி வருவாரா தெரியாது. ‘சரி’ என்றால் என் வார்த்தையை நம்பி அந்த இறக்கையில் ஏறுவார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலுக்கு வந்தால் டிரக்கின் பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தது.

“ஆரின்!”

“சும்மாதான். பனிக்காலம் பூரா நின்னுட்டே இருந்துச்சு. டயர் ஒரு பக்கமா உக்காந்துடும். கொஞ்சம் ஓட்டி விடணும்ல.”

“கயிறு, பட்டை, பழைய மெத்தை எல்லாம் ஏத்தியிருக்க. அதுங்களும் காத்து வாங்க வருதா?”

அவர் செக் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். மாதாகோவிலில் காணிக்கை போடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

*

வெண்டெல் ப்ரோஹாஸ்கா வாசலிலேயே நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர். கதவளவு அகலம். இடது தோள் மட்டும் சற்று இறங்கியிருந்தது. எங்கள் டிரெய்லரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“டிரெய்லரோடயே வந்துட்டீங்க!” என்று கை கொடுத்தார்.

அவர் பிடித்த பிடியில் என் கல்யாண மோதிரம் விரலில் பதிந்தது. ஆரின் கையைப் பின்னால் கொண்டுபோய் விரல்களை விரித்து விரித்து மடக்கினார்.

வெண்டெலின் மனைவி ஆர்டிஸ் சின்ன உருவம், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். “கை குடுத்துட்டீங்களா? ஐயோ, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். எங்க பாதிரியார் இவரைக் கண்டா தூரத்துலேர்ந்தே கையை ஆட்டிட்டுப் போயிடுவாரு.”

விமானம் பழைய பால் கொட்டகையில் இருந்தது. மாடுகளை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது. சுவர்களுக்கு வெள்ளையடித்து, தரையைப் பெருக்கி, ஹீட்டர் வைத்து இடத்தை ஆஸ்பத்திரிபோல் வைத்திருந்தார் மனிதர். இரண்டு இறக்கைகளும் மரத்தாங்கிகளில் படுத்திருந்தன. துணி போர்த்தாததால் எலும்புக்கூடு முழுவதும் தெரிந்தது. நீளவாக்கில் ஒரு உத்திரம், அதில் வரிசையாகக் கோத்த விலாக்கள். விலாக்களின் ஒவ்வொரு மூட்டிலும் தபால்தலை அளவுக்குச் சின்னப் பிளைவுட் வில்லை ஒட்டியிருந்தது. தேன் நிறத்தில் வார்னிஷ் மின்னியது.

அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆரின் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. ஒவ்வொரு வில்லையிலயும் கிளாம்பைத் திருகி இறுக்கின தழும்பு. வட்டமா. எப்படி இறுக்கியிருக்கார் பாரு! இடைவெளிங்கறதே இல்ல. கோடு கூடத் தெரியல.”

வெண்டெலுக்குப் பெருமை தாங்கவில்லை. “பசை ஒட்டறப்ப நான் அவசரப்பட்டதே இல்ல. ஒரு மூட்டு, ஒரு கிளாம்ப். ராத்திரி பூரா.”

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?” என்று நான் கேட்டேன். வேண்டாம்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. மெர்லின் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“தோள். ஆபரேஷன் ஆச்சு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. சரி, அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு போயிடுச்சு.” அவர் இறக்கையின் மேல் இல்லாத தூசியைத் தட்டினார். “போன மாசம் ஒருத்தன் வந்தான். எஞ்சின் மட்டும் போதும், மரத்தை நீங்களே எரிச்சுக்கோங்கன்னான். வாசலைக் காட்டினேன். இது பறக்கணும். பறக்க வைக்கிற ஆளுக்குத்தான் குடுப்பேன்.”

ஆரின் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏற்கெனவே விமானம் எங்கள் கராஜில் நின்றுகொண்டிருந்தது.

“பசைத் துண்டு வெச்சிருக்கீங்களா?” என்று அவர் வெண்டெலிடம் கேட்டார். கட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. பசை கலக்கும் ஒவ்வொரு தடவையும் அதே பசையில் இரண்டு சின்ன மரத்துண்டுகளை ஒட்டி, பென்சிலால் தேதி எழுதி எடுத்துவைப்பார்கள். பின்னால் அதை உடைத்துப் பார்க்கலாம். பசை நன்றாகப் பிடித்திருந்தால் மரம் கிழியும், ஒட்டு கிழியாது. ஒட்டிய இடத்திலேயே விட்டுக்கொண்டால் பசை சரியில்லை, ஏறினவனும் சரியாக இருக்க மாட்டான்.

“வெச்சிருக்கேனாவா?” வெண்டெல் அலமாரியிலிருந்து ஒரு பெரிய காபி டின்னை இறக்கி மேஜைமேல் கவிழ்த்தார். துண்டுகள் கொட்டின.

ஆரின் ஒன்றை எடுத்து மேஜையோரம் பொருத்திய இரும்பு இடுக்கியில், வைஸில் செருகினார். “உடைக்கலாமா?”

“அதுக்குத்தானே வெச்சிருக்கேன்.”

சுத்தியலால் ஒரு அடி. படக்கென்று முறிந்தது. ஆரின் எடுத்துப் பார்த்தார். மரம் நார்நாராகக் கிழிந்திருந்தது, ஒட்டு அப்படியே இருந்தது. சிரித்தார். அடுத்தது. அதுவும் அப்படியே. வெண்டெல் எடுத்துக் கொடுக்க, ஆரின் அடிக்க, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு துண்டுகூடத் தோற்கவில்லை.

“டார்லா,” என்று ஆரின் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “இதுக்கு மேல என்ன பாக்கணும்?”

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கைப்பையைத் திறந்தேன். செக் புத்தகம் கையில் தட்டுப்பட்டது. கடவுளே, நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஆர்டிஸ் தட்டோடு உள்ளே வந்தார்.

*

ஹாம் சாண்ட்விச், சீஸ் கட்டிகள், வீட்டில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒரு பாட்டில். பால் கொட்டகையில் ஒரு மடக்கு மேஜையை விரித்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். சாப்பிடாமல் எந்த வியாபாரமும் முடியக் கூடாதாம்.

“பாட்டிலைத் திறங்க பாப்போம்,” என்று ஆரினிடம் கொடுத்தார். கண்ணில் குறும்பு.

ஆரின் திருகினார். முகம் சிவந்தது. மூடி அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினார். ம்ஹூம்.

ஆர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். “முடியாது! இவர் மூடினதை இந்த வட்டாரத்துல ஒருத்தரும் திறக்க முடியாது. இவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் ஒரு வாரம் ஊறுகாய் இல்லாம சாப்பிட்டேன். பக்கத்துப் பண்ணைப் பசங்க ரெண்டு பேர் வந்து தோத்துட்டுப் போனாங்க. ஒரு தடவை இவர் மூடறப்ப ஜாம் பாட்டில் கையிலயே நொறுங்கிப்போச்சு.”

“மூடினா மூடின மாதிரி இருக்கணும்ல,” என்று வெண்டெல் நல்ல கையால் பாட்டிலை வாங்கி, பேசிக்கொண்டே திறந்து வைத்தார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் கிடந்த இன்னும் உடைக்காத பசைத்துண்டு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அதன் முதுகில் மெல்லிய கோடு ஒன்று பதிந்திருந்தது. நகத்தால் கீறியதுபோல, அவ்வளவுதான். இறக்கையில் இருந்த வட்டத் தழும்பு இதில் இல்லை.

“வெண்டெல், இதை எதால அழுத்தி வெச்சீங்க?”

“எதை? அதுவா? துணிக் கிளிப்.” சாண்ட்விச்சை மென்றுகொண்டே சொன்னார். “ஆர்டிஸ் துணி காயப்போடற மரக் கிளிப். சின்னத் துண்டு தானே, அது போதும்.”

“இறக்கையை?”

அவர் சுவரைக் காட்டினார். இரும்புக் கிளாம்புகள் அளவு வாரியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் முறுக்கி முறுக்கிக் கைப்பிடி தேய்ந்தவை.

“எவ்வளவு இறுக்குவீங்க?”

“இறுகற வரைக்கும்,” என்றார் அவர். பிறகு தொழில் ரகசியம் சொல்லும் குரலில், “அப்படி இறுக்கினா பசை ரெண்டு பக்கமும் பிதுங்கிட்டு வெளிய வரும் பாருங்க. நல்லா வர வரைக்கும் இறுக்கணும். வந்ததைச் சுத்தமாத் துடைச்சிடுவேன். அதான் கோடு கூடத் தெரியல.”

ஆரின் சாண்ட்விச்சை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே தட்டில் வைத்தார்.

எனக்குப் பசை பற்றித் தெரியாது. ஆனால் சனிக்கிழமைகளில் மெர்லின் புது ஆட்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். “இந்தப் பசைக்கு ரெண்டு மரத்துக்கும் நடுவுல உக்கார இடம் வேணும். கழுத்தை நெரிச்சா ஓடிப்போயிடும்.” ஆரினும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்கவில்லை. இறக்கையைப் பார்த்தார்.



“என்ன?” என்றார் வெண்டெல்.

கையில் இருந்த துண்டை அவர் முன்னால் வைத்தேன். “வெண்டெல், இந்த டின்ல இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு. ஆனா இதை அழுத்தினது துணிக் கிளிப். இறக்கையை அழுத்தினது உங்க கை. உள்ள பசை மிச்சம் இருக்கான்னு இந்தத் துண்டுங்க சொல்லாது.”

“அப்படின்னா?”

“இறக்கையிலேர்ந்து ஒரு மூட்டை உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“டார்லா!” ஆரின் அதட்டினார். “அடுத்தவர் கட்டின இறக்கையை உடைக்கச் சொல்றதா? நாம வாங்க வந்தவங்க.”

எங்கள் ஆட்களிடம் அது நடக்காத காரியம். ஒருவர் கட்டிய விமானத்தை இன்னொருவர் குறை சொல்லலாம், கேலி செய்யலாம், முதுகுக்குப் பின்னால் சிரிக்கலாம். ரம்பம் வைக்கக் கூடாது.

“நான் வாங்க வரல,” என்றேன். “வேண்டாம் சொல்ல வந்திருக்கேன். இல்ல சரி சொல்ல. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும்.”

வெண்டெல் எழுந்தார். கோபப்பட்டு எங்களை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எஞ்சின் கேட்டவனுக்குக் காட்டிய வாசல் எங்களுக்கும் அங்கேயேதான் இருந்தது. அவர் சுவரோரம் போய் ஒரு சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஆரினிடம் நீட்டவில்லை. தானே இறக்கையின் பின் ஓரத்துக்குப் போய், கடைசி விலாவின் வால் பக்கத்தை அறுத்தார். தோள் வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார். அறுத்த துண்டை வைஸில் வைத்து ஆரின் கையில் சுத்தியலைக் கொடுத்தார்.

“அடிங்க.”

“வெண்டெல்...”

“அடிங்கன்றேன்ல.”

ஆரின் அடித்தார். பலமாக அடிக்கவில்லை. மேஜையைத் தட்டுவதுபோலத்தான் தட்டினார். வில்லை தெறித்துத் தரையில் விழுந்தது.

வெண்டெல் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். மரம் கிழியவே இல்லை. வில்லையின் உட்பக்கம் வழவழவென்று, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு. பசை அங்கே மட்டும்தான் இருந்தது.

“அது வால் பக்கம்,” என்றார் வெண்டெல். குரல் அவருடையதாக இல்லை. “அங்க பெரிசா பாரம் வராது. உத்திரத்தைப் பாப்போம்.”

உத்திரம்தான் எல்லாம். விமானமும் ஆட்களும் தொங்குவது அதில்தான். பட்டை பட்டையாக மரத்தை அடுக்கி ஒட்டிச் செய்தது. அவர் அதன் முனையில், இரண்டு பட்டைகளுக்கு நடுவே, மெல்லிய உளியை வைத்தார். சுத்தியலால் ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. அப்புறம் சுத்தியல் தேவைப்படவில்லை. உளியைச் சாய்த்ததும் பட்டை, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு விலகுவதுபோல், சத்தமில்லாமல் எழும்பி வந்தது. ஒரு முழ நீளத்துக்கு.

அவர் உளியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

ஆரின் பக்கத்தில் இருந்த கவிழ்த்த பால்வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். சற்று முன்னால் என் கை பைக்குள் செக் புத்தகத்தின் மேல் இருந்ததை நினைத்தேன். ஒரு ஊறுகாய் மூடிதான் குறுக்கே வந்தது.

ஆரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. “டார்லா, நீ வாயால சொல்லணும். வழக்கம் அதுதான்.”

“வேண்டாம்,” என்றேன்.

“காதுல விழுந்துச்சு,” என்றார் அவர்.

வெண்டெல் எங்கள் மூவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இறக்கைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அந்தப் பெரிய முதுகு அசையவே இல்லை. அத்தனை வருஷத்து உழைப்பையும் உடைத்துப் போட்டுவிட்டோமே என்று நினைத்தேன்.

“ஆர்டிஸ்,” என்று கூப்பிட்டார்.

“இங்கதான் இருக்கேன்.”

“உன்னை அந்தப் பெரிய ஏரிக்கு மேல பறந்து, மிச்சிகன்ல உன் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.”

“கல்யாணப் பரிசுன்னு சொன்ன. நாப்பதாவது கல்யாண நாளைக்கு.”

“ஏரிக்கு நடுவுல...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. “நல்லவேளை தோள் போச்சு.”

ஆர்டிஸ் அவரிடம் போய் அந்த இறங்கின தோளில் நெற்றியை வைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “தினமும் தைலம் தேய்க்கறப்ப இந்தத் தோளைத் திட்டிக்கிட்டே தேய்ப்பேன். இனிமே முத்தம் குடுத்துட்டுத் தேய்க்கிறேன். வெண்டெல், உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பறக்கவே பயம். உன் மனசு நோகுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து தூசி தட்டறப்ப, சாமி, இவருக்கு மறுபடி ஆசை வந்துடக் கூடாதுன்னு சமையலறையில ஜெபம் பண்ணுவேன்.”

“அட திருட்டுக் கிழவி!” என்றார் வெண்டெல். திரும்பியபோது கன்னம் நனைந்திருந்தது. ஆனால் முகம், எப்படிச் சொல்வது, சுமை இறக்கியவர் முகமாக இருந்தது. “முடிக்காமப் போனேனேன்னு இத்தனை வருஷமா எனக்கு ராத்திரி ராத்திரி ஒரே குத்தல். எங்க அப்பா எதையும் பாதியில விட்டதில்ல, நான் விட்டுட்டேன்னு. இப்பப் பாத்தா, நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் பாதியில விட்டதுதான்.”

பால்வாளிமேல் இருந்த ஆரினிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. நானும் வெண்டெலும் தொற்றிக்கொண்டோம். கொஞ்ச நேரம் நாலு பேரும் பைத்தியக்காரர்கள்போல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் சாண்ட்விச்சை ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.

*

திரும்பும் வழியில் ஏரிக்கரை உணவகம் ஒன்றில் எங்கள் பக்கத்தில் வழக்கமான வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்காக நிறுத்தினோம். கூட்டம் நெரிந்தது. ஆரின் மெனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கராஜ் கதவு என் கண்முன்னே நின்றது.

“கோபமா?” என்று கேட்டேன்.

“யார் மேல?”

“என் மேல.”

அவர் மெனுவைக் கீழே வைத்தார். “தழும்பைப் பாத்து நான்தான் உன்கிட்ட சொன்னேன், எப்படி இறுக்கியிருக்கார் பாருன்னு. அதுதான் இறக்கையோட நோய். நான் அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன். மெர்லின் வந்திருந்தா ரெண்டு பேருமாப் பெருமைப்பட்டிருப்போம். வாங்கிட்டு வந்திருப்போம்.” ஒரு மிடறு பீர் குடித்தார். “அப்புறம் என் பக்கத்துல நீ உக்காந்திருப்ப.”

மேஜைக்கடியில் என் காலை அவர் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

மீன் வந்தது. உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் வந்தன. ஆரின் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

“செவ்வாய்க்கிழமை நான் மறுபடி அங்க போறேன்,” என்றார் வாய் நிறைய.

“எதுக்கு?”

“வெண்டெல் தனியா எப்படிப் பிரிப்பாரு, அந்தத் தோளோட? உடலையும் அவர்தான் ஒட்டியிருக்காரு. அதையும் உடைச்சுப் பாக்கணும்ல. எத்தனை மூட்டு போயிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு அவருக்கு ஒரே துடிப்பு. எனக்கும்தான். இரும்பு வேலையெல்லாம் தங்கமா இருக்கு டார்லா, நீ பாக்கல. அதையெல்லாம் கழட்டி எடுக்கணும். அப்புறம்...” அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “விலா செய்யற அச்சுப்பலகை இருக்கு. கச்சிதமா இருக்கு. ஒரே ஒரு விலா செஞ்சு பாக்கலாம்னு பேசிக்கிட்டோம். ஒண்ணே ஒண்ணு. புதுப் பசை, புது மரம். ஒட்டி, உடைச்சுப் பாப்போம்.”

“யார் இறுக்கறது?”

“நான்தான். வெண்டெல் கிளாம்பைத் தொட்டா சாப்பாடு கிடையாதுன்னு ஆர்டிஸ் சொல்லியாச்சு. அவர் பசை கலப்பாரு. வெளக்குப் பிடிப்பாரு. அதுக்கே வாயெல்லாம் பல்லு மனுஷனுக்கு.”

“பறக்கறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?”

“யாருக்குத் தெரியும்?” தோளைக் குலுக்கினார். “ஆகும்போது ஆகட்டும். ஆகாமப் போனாலும் பரவாயில்ல. அப்பவும் நீதான் வந்து வேண்டாமா சரியான்னு சொல்லணும்.”

“ஊறுகாய் பாட்டிலோட வரேன்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு என் தட்டில் மிச்சமிருந்த மீனையும் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைக்குள் ரம்பத்துக்குப் புது பிளேடு வாங்க வேண்டும், வெண்டெலிடம் இருப்பது மழுங்கல் என்று சொன்னார். திங்கள்கிழமை கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று என்னைக் கேட்டார். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் மணி பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டிரக்கில் ஏறியதும் ஹீட்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். காகித ஆலைகளின் வரிசையைக் கடந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு தூங்கிப்போனேன். எங்கள் வாசலில் அவர் என் தோளைத் தட்டி எழுப்பும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.